எண்டர் தட்டும்வரை

பிரிக்பீல்ட்ஸ்,
10 பிப்ரவரி 2025

அன்புள்ள உர்சுலாவுக்கு,

போனை எடுக்க மாட்டாய், கடிதம் போட்டால் மட்டும் கேட்பாய் என்று உன் தங்கை ஜோஆன் சொன்னாள். சரி, எழுதுகிறேன். பேனா பிடித்துப் பல காலம் ஆகிவிட்டது, கையெழுத்தைப் பார்த்தாலே தெரியும். ஜோஆன், இதை நீதான் அவளுக்கு வாசித்துக் காட்டுவாய் என்பதால் உனக்கும் ஒரு வார்த்தை: புரியாத இடத்தில் சொந்தச் சரக்கைச் சேர்க்காதே.

வீடு அப்படியேதான் இருக்கிறது. நாளை தைப்பூசம். பத்துமலைக்கு ரயில் ஏறப் போகிற கூட்டம் காலையிலிருந்தே நம் தெரு வழியாகப் போகிறது. நீ இருந்தால் சன்னல் பக்கம் உட்கார்ந்து, உறுமிச் சத்தத்தை வைத்தே எந்தக் குழு நன்றாக அடிக்கிறது என்று மார்க் போட்டிருப்பாய். இந்த வருஷம் மார்க் போட ஆள் இல்லை. எல்லாக் குழுவும் பாஸ்.

நான் செய்தது அவ்வளவு பெரிய குற்றமா என்று இன்னும் எனக்குப் புரியவில்லை. சர்ச்சில் பிள்ளைகளுக்குக் கிறிஸ்துமஸ் பாட்டுச் சொல்லித்தர முடியுமா என்று உன் போனுக்குச் செய்தி வந்தது. நீ தூங்கிக்கொண்டிருந்தாய். உனக்குப் பார்வை முழுதாகப் போய் அதிக காலம் ஆகவில்லை. படிக்கட்டு, பிள்ளைகளின் கூச்சல், இதையெல்லாம் நீ எப்படிச் சமாளிப்பாய் என்று நினைத்து, 'மன்னிக்கவும், என்னால் முடியாது' என்று உன் பெயரில் நானே பதில் போட்டேன். உன்னிடம் சொல்ல மறந்துபோனேன். புத்தாண்டுப் பூசையன்று சர்ச் வாசலில் யாரோ அதைச் சொல்ல, நீ அங்கேயே ஜோஆனின் காரில் ஏறிக் கிள்ளானில் அவள் இருக்கும் பண்டமாரானுக்குப் போய்விட்டாய். கட்டின புருஷன் ஒருவன் பார்க்கிங்கில் காரை ஸ்டார்ட் பண்ணி வைத்துக்கொண்டு காத்திருந்தான் உர்சுலா.

இங்கே சென்ட்ரல் ஸ்டேஷனில் ரயில் ஏறினால் பொழுது சாயுமுன் கிள்ளானுக்கு வந்து திரும்பிவிடலாம். அதுதான் வேதனை. நீ லண்டனில் இருந்திருந்தால்கூட மனசு ஆறியிருக்கும்.

சொல்ல இன்னும் நிறைய இருக்கிறது. ஆனால் எல்லாம் ஜோஆன் வாய் வழியாகத்தான் உன் காதுக்கு வரும் என்று நினைத்தால் பாதி வாக்கியத்திலேயே பேனா நின்றுவிடுகிறது. வீட்டுக்கு வா.

அன்புடன்,
ஹென்றி


பண்டமாரான்,
19 பிப்ரவரி 2025

அன்புள்ள ஹென்றிக்கு,

நான் சொல்லச் சொல்ல ஜோஆன் எழுதுகிறாள். எழுத்துப் பிழை எல்லாம் அவளுடையது. (அக்கா சொல்றத நம்பாதீங்க அத்தான். எஸ்பிஎம் பரீட்சைல தமிழுக்கு நான் ஏ வாங்கினவ. – ஜோஆன்)

போனில் ஏன் பேச மாட்டேன் என்கிறேன் தெரியுமா? நான் ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் நீங்கள்தான் அதை முடிப்பீர்கள். கடிதத்தில் அந்த வசதி உங்களுக்குக் கிடையாது. வாட்ஸ்அப்பில் குரல் செய்தியும் அனுப்ப வேண்டாம். உங்கள் குரலைக் கேட்டால் என் கோபம் தங்காது. இப்போது எனக்குக் கோபம் தேவைப்படுகிறது.

குற்றம் பெரியதா சின்னதா என்று கேட்டிருக்கிறீர்கள். என் தட்டில் மீனுக்கு முள் எடுத்து வைக்கிறீர்கள், சரி. டாக்டர் என்னைப் பார்த்துக் கேட்கிற கேள்விக்கு நீங்கள் பதில் சொல்கிறீர்கள், அதையும் விடுங்கள். ஆனால் பாட்டு என்னுடையது. போனது கண்தான், தொண்டை இல்லை. யாரோ ஒருவர் என் பெயரில் எழுதி, என் பெயரில் மறுத்து, என்னிடம் சொல்லவும் மறந்துபோனால், நான் அந்த வீட்டில் எதற்காக உட்கார்ந்திருக்கிறேன்?

நீங்கள் பாதி வாக்கியத்தில் பேனாவை நிறுத்துகிற மாதிரி நானும் பாதியில் நிறுத்துகிறேன். ஜோஆன் நல்ல பிள்ளைதான், ஆனால் காது நீளம். (நான் எதையும் மனசுல வச்சுக்கிறதில்லலா.) அதனால் ஒன்று கேட்கிறேன். ஜோஆன் தன் ஆபீசில் கழித்துப் போட்ட பழைய லேப்டாப் ஒன்றை எனக்குக் கொண்டுவந்திருக்கிறாள். ஆனால் திரையில் இருப்பது எதையும் அது எனக்கு வாசித்துச் சொல்வதில்லை. சுங்கை பூலோவிலிருந்து ஸ்ரீ கெம்பாங்கான் வரைக்கும் எத்தனை கிளினிக்கில், எத்தனை கடையில் உங்கள் புரோகிராம் ஓடுகிறது! 'நெக்ஸ்ட், நெக்ஸ்ட் தட்டினால் போதும், எந்த ஆன்டியும் இன்ஸ்டால் பண்ணலாம்' என்று பெருமை அடிப்பீர்களே. அப்படி எனக்கு ஒன்று செய்து கொடுங்கள். தமிழ்க் கடிதத்தை எனக்கு வாசித்துக் காட்ட வேண்டும், நான் தமிழில் டைப் பண்ணினால் விழ வேண்டும். என் கையாலேயே அதை நான் உள்ளே போட வேண்டும். ஜோஆன் தொடக் கூடாது. பக்கத்து வீட்டுப் பையன் தொடக் கூடாது. நீங்கள் வந்து தொடவே கூடாது.

அதற்குப் பிறகு நீங்கள் எழுத நினைப்பதை எழுதுங்கள். நானும் எழுதுகிறேன். வீட்டுக்கு வருவதா இல்லையா என்பதை நமக்கு நடுவில் யாரும் இல்லாதபோது பேசலாம்.

உர்சுலா


பிரிக்பீல்ட்ஸ்,
3 மார்ச் 2025

அன்புள்ள உர்சுலாவுக்கு,

நீ கேட்டது சின்ன வேலை என்று நினைத்துத் தொடங்கினேன். வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

பிரச்சினை இதுதான். இன்ஸ்டால் பண்ணுகிறவர் திரையில் வருவதைப் படித்துப் படித்துத்தான் பதில் சொல்ல வேண்டும். உனக்குத் திரையைப் படித்துச் சொல்ல வேண்டியது அந்தப் புரோகிராம்தான். அதுவோ இன்னும் உள்ளேயே வரவில்லை. சாவியை வீட்டுக்குள் வைத்துக் கதவைச் சாத்திய கதை. இத்தனை வருஷம் இந்தத் தொழிலில் இருந்தும் இது எனக்குத் தோன்றியதே இல்லை, ஏனென்றால் நான் கிளினிக் கவுண்டரில் உட்காரும் பெண்களுக்குத்தான் செய்தேன். அவர்களுக்குக் கண் இருக்கிறது, படிக்கத்தான் பொறுமை இல்லை.

தமிழ்க் குரல் ஒன்றை வழக்கமான முறையில் போடுவதென்றால் ஒரு இடத்தில் இறக்க வேண்டும், கட்டை அவிழ்க்க வேண்டும், வேறொரு இடத்தில் வைக்க வேண்டும், மெஷினை அணைத்துப் போட வேண்டும். எல்லாவற்றையும் ஒரே கோப்பாக மூட்டை கட்டிவிட்டேன். கூட வரும் பென்டிரைவின் ஒரு பக்கத்தில் பசைச் சொட்டு ஒன்று காய்ந்து மேடாக இருக்கும். அந்தப் பக்கம் மேலே இருக்கும்படி செருகு. பிறகு கீபோர்டில் இடது ஓரத்தில் விண்டோஸ் பட்டனையும் R-ஐயும் சேர்த்துத் தட்டி, d:go என்று அடி. அதன் பிறகு எண்டர். எதுவும் கேட்டால் மறுபடியும் எண்டர். இன்சூரன்ஸ் ஆபீசில் அத்தனை வருஷம் டைப் அடித்த விரல்கள், உனக்கு நான் கீபோர்டைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

நீ போனதிலிருந்து சாயங்காலம் பாசாருக்குப் போவதை விட்டுவிட்டேன். ஒரு ஆளுக்கு என்ன மீன் வாங்குவது.

ஹென்றி


பண்டமாரான்,
14 மார்ச் 2025

அன்புள்ள ஹென்றிக்கு,

ஜோஆனை மாடிக்கு அனுப்பிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, முதல் பூசைக்குப் போகிற பிள்ளை மாதிரி உட்கார்ந்தேன். பசைச் சொட்டு சரியாகத்தான் இருந்தது. செருகினேன். நீங்கள் சொன்னபடி அடித்தேன். 'டொங்' என்று ஒரு சத்தம். அப்புறம் ஒன்றுமில்லை.

எண்டர் தட்டினேன். ஒன்றுமில்லை. முதலிலிருந்து மறுபடி செய்தேன். மறுபடி 'டொங்', மறுபடி எண்டர், மறுபடி அமைதி. மத்தியானம் முழுக்க இதே வேலை. மெஷின் செத்துவிட்டதா, நான்தான் ஏதாவது தப்பாகத் தொட்டேனா, யாரிடம் கேட்பது? கடைசியில் ஜோஆனைக் கூப்பிட்டேன். அவள் திரையைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரிக்கிறாள். 'இதைச் செய்தவர் யார் என்று தெரியவில்லை, இவரை உள்ளே விடலாமா?' என்று மெஷின் கேட்டுக்கொண்டு நிற்கிறதாம். (கட்டின புருஷனையே தெரியலங்குது அத்தான்! நான் என்ன செய்ய, சிரிப்பு வந்துருச்சு.) எண்டர் தட்டினால் 'வேண்டாம்' என்று அர்த்தமாம். 'சரி'க்கு வேறு பக்கம் நகர வேண்டுமாம். அதாவது மத்தியானம் முழுக்க நான் ஆசையாக உங்களை உள்ளே கூப்பிடுகிறேன் என்று நினைத்துக்கொண்டு, வேண்டாம் வேண்டாம் என்று விரட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அழுதேன் என்று எழுத வேண்டாம் என்று ஜோஆனிடம் சொல்லியிருக்கிறேன். (எழுதல.)

இங்கே கிள்ளானில் ஓர் அக்கா வெள்ளைக் கம்பு பிடித்து நடக்கச் சொல்லித்தருகிறார். நேற்று முனைக் கடைவரை நானே போய் ரொட்டி வாங்கி வந்தேன். துறைமுகத்துக்குப் போகிற லோரி ஒன்று ஹார்ன் அடித்துக் காதைக் கிழித்தது, நானும் திட்டினேன். டிரைவருக்குக் கேட்டிருக்காது, ஆனால் திட்டினது நன்றாக இருந்தது.

பாசாருக்குப் போங்கள். ஒரு ஆளுக்கு ஒரு கெம்போங் மீன் போதும். முள் எடுக்க உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

உர்சுலா


பிரிக்பீல்ட்ஸ்,
26 மார்ச் 2025

அன்புள்ள உர்சுலாவுக்கு,

'எதுவும் கேட்டால் எண்டர்' என்று எழுதிக் கொடுத்த கையை வெட்ட வேண்டும். அந்த அனுமதிப் பெட்டி எனக்குத் தினமும் வருகிறது. வந்ததே தெரியாமல் தட்டிவிட்டுப் போகிற பழக்கம். அது உன்னிடமும் வரும் என்று யோசிக்கவே இல்லை.

இப்போது வேறு வழி செய்திருக்கிறேன். மெஷினின் பொது இடத்தைத் தொடாமல், உன் சொந்த அறைக்குள் மட்டும் புரோகிராம் போய் உட்கார்ந்துகொள்ளும். அதற்கு யார் அனுமதியும் தேவையில்லை. 'டொங்' வராது.

அடுத்தது குரல். தமிழ் வாசிக்கிற அந்தப் பெண்குரல் உள்ளே வந்து சேரும்வரை உன்னிடம் பேச ஒரு ஆள் வேண்டும். அதை முன்கூட்டியே பதிவு செய்து வைத்துவிட்டால், நீ தொடங்கியதுமே அது பேசும். யார் குரல்? கீழே மசாஜ் சென்டர் வைத்திருக்கும் விஜயனைக் கேட்டேன். அவருக்கும் பார்வை இல்லையே, இந்தப் புரோகிராம் அவருக்கும் உதவும் என்று ஆசையாக வந்தார். ஆனால் மைக் கைக்கு வந்ததும் ரேடியோ நாடகம் மாதிரி ஆரம்பித்துவிட்டார். 'பாஸ், ஃபீலிங்கோட சொல்லணும்லா' என்கிறார். வேறு வழியில்லாமல் நானே பேசிவிட்டேன். குரல் அனுப்பாதே என்று நீ சொன்னது மறக்கவில்லை. இது செய்தி இல்லை, 'தொடங்க எண்டரைத் தட்டு' என்கிற மாதிரி நாலு வாக்கியம்தான். மன்னித்துக்கொள்.

இன்னொரு வசதியும் வைத்திருக்கிறேன். போன தடவை மாதிரி நீ எங்கேயும் மாட்டிக்கொண்டு உட்கார வேண்டாம். கேள்வி கேட்டு, நீ கொஞ்ச நேரம் ஒன்றும் தட்டாமல் இருந்தால், அதுவே சரியானதைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு மேலே போய்விடும். இதைவிடச் சுலபமாக யாராலும் செய்ய முடியாது என்று நினைக்கிறேன்.

ஹென்றி


பண்டமாரான்,
6 ஏப்ரல் 2025

ஹென்றி,

பேசியது. இன்ஸ்டால் ஆனது. போதுமா?

'தொடங்க எண்டரைத் தட்டு' என்றது. நான் தட்டவில்லை. தட்டாமல் உட்கார்ந்திருந்தேன். அது தானாகவே தொடங்கிவிட்டது. 'வேகமாக வாசிக்கட்டுமா, மெதுவாகவா?' என்று கேட்டது. நான் வாயைத் திறப்பதற்குள் 'சரி, மெதுவாக' என்று அதுவே சொல்லிக்கொண்டது. இப்போது அந்தப் பெண் எனக்கு ஆஸ்பத்திரி நோயாளிக்குச் சொல்வதுபோல ஒவ்வொரு வார்த்தையாக வாசிக்கிறாள்.

கேள்வி கேட்பது நீங்கள். பதில் சொல்வதும் நீங்கள். நான் எதற்கு அங்கே? நீங்கள் மாறவே இல்லை ஹென்றி. எனக்காக ஒரு சாமான் செய்கிறேன் என்று சொல்லி உங்களையே அதற்குள் வைத்து அனுப்பியிருக்கிறீர்கள்.

ஜோஆனைக் கொண்டு அதை அழித்துவிட்டேன். உங்கள் கடிதத்தை இந்த முறையும் அவள்தான் வாசித்தாள்.

உர்சுலா

(அத்தான், அக்கா சொன்னத அப்படியே எழுதிட்டேன். ஆனா ஒண்ணு, அந்தப் பென்டிரைவ திருப்பி அனுப்பணும்னு நான் கேட்டா குடுக்க மாட்டேங்கிறாங்க. தலகாணிக்குக் கீழ இருக்கு. நான் சொன்னேன்னு சொல்லாதீங்க. – ஜோஆன்)


பிரிக்பீல்ட்ஸ்,
21 ஏப்ரல் 2025

அன்புள்ள உர்சுலாவுக்கு,

உன் கடிதம் வந்ததும் எனக்கும் கோபம் வந்தது. கஷ்டப்பட்டுச் செய்ததற்கு இதுதான் கூலியா என்று எழுதி, கிழித்துப் போட்டேன். 'சுலபம்' என்றால் கேள்வியே வராமல் இருப்பது என்றுதான் இத்தனை காலம் நினைத்திருந்தேன். வாடிக்கையாளர்கள் அதற்குத்தான் என்னைப் புகழ்ந்தார்கள்.

நேற்று ஈஸ்டர் பூசைக்குப் போனேன். பிள்ளைகள் பாடினார்கள். சுருதி ஒரு பக்கம், தாளம் ஒரு பக்கம். நீ இருந்திருந்தால் பெஞ்சில் விரலால் தட்டி என் பொறுமையைச் சோதித்திருப்பாய். வாசலில் பாடகர் குழு ஷார்மைன் என்னைப் பிடித்துக்கொண்டாள். 'அங்கிள், ஆன்டி இப்ப எப்படி இருக்காங்க? ஆகஸ்ட்ல சர்ச் திருநாளுக்குப் பிள்ளைங்களுக்குச் சொல்லிக்குடுக்க வருவாங்களா?' என்றாள். 'இல்லம்மா, அவளுக்கு' என்று என் வாய் ஆரம்பித்துவிட்டது உர்சுலா. சத்தியமாக, நான் நினைப்பதற்கு முன்னால் வாய் போய்விட்டது. அங்கேயே நிறுத்தினேன். ஷார்மைன் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். 'அவளையே கேளு' என்று உன் நம்பரைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். கூப்பிட்டாளா, நீ என்ன சொன்னாய், எனக்குத் தெரியாது. கேட்கவும் மாட்டேன். கேட்காமல் இருப்பது பல் வலி மாதிரி இருக்கிறது.

வீட்டுக்கு வந்து கண்ணை மூடிக்கொண்டு என் புரோகிராமை நானே இன்ஸ்டால் பண்ணிப் பார்த்தேன். கேள்வி வருகிறது, யோசிக்கிறேன், அதற்குள் அது போய்விடுகிறது. பஸ்ஸில் ஒரு காலை வைக்கும்போதே டிரைவர் வண்டியை எடுக்கிற மாதிரி இருந்தது. கோபம் வந்தது. செய்தவன் மேல்தான் கோபம் வர முடியும், செய்தவன் நான்.

மறுபடி செய்கிறேன். ஒரு கேள்வி: என் குரலைப் பற்றி நீ ஒன்றுமே எழுதவில்லை. பிடிக்கவில்லை என்றால் ஷார்மைனைப் பேசச் சொல்லிப் பதிவு செய்கிறேன். சொல்.

ஹென்றி


பண்டமாரான்,
29 ஏப்ரல் 2025

ஹென்றிக்கு,

குரலை மாற்ற வேண்டாம். புதுக் குரல் என்றால் மறுபடியும் எல்லாவற்றையும் சோதிக்க வேண்டிவரும்.

உர்சுலா

(இவ்வளவுதான் சொன்னாங்க. இதுக்கு ஒரு ஸ்டாம்பு வேஸ்ட். – ஜோஆன்)


பிரிக்பீல்ட்ஸ்,
12 மே 2025

அன்புள்ள உர்சுலாவுக்கு,

இதோடு புதுப் பென்டிரைவ். பசைச் சொட்டு அதே இடத்தில். எண்டர் தட்டினால் மேலே போகும். ஸ்பேஸ் தட்டினால் சொன்னதை மறுபடி சொல்லும். ஒன்றும் தட்டாவிட்டால் ஒன்றும் நடக்காது. எவ்வளவு நேரமானாலும் அங்கேயே நிற்கும்.

விஜயன் கீழே உட்கார்ந்து தானே போட்டுக்கொண்டார். நடுவில் கஸ்டமர் வந்ததால் எழுந்து போய் மசாஜை முடித்துவிட்டு வந்தார், அதுவரைக்கும் அது காத்திருந்தது. உள்ளே உனக்கு ஒரு கடிதம் வைத்திருக்கிறேன். அது ஜோஆனுக்கு இல்லை.

ஹென்றி


பென்டிரைவில் இருந்தது,
12 மே 2025

என் உர்சுலா,

இதை நீ கேட்டுக்கொண்டிருந்தால், அந்தப் பெண்குரல் உன் காதுக்குள் இருக்கிறது, அறையில் வேறு யாரும் இல்லை. இதற்காகத்தான் இத்தனை பாடு. இப்போது சொல்ல உட்கார்ந்தால், பேனாவை நிறுத்த ஜோஆன் இல்லாத நிலையிலும் எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை.

நீ இல்லாமல் என்னால் முடியவில்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

சாயங்காலம் கிளினிக் வேலை முடித்து நான் திரும்பும்போது வீட்டில் எல்லா விளக்கும் எரியும். உனக்கு எதற்கு விளக்கு? எனக்காக ஒவ்வொரு சுவிட்சாகத் தடவிப் போட்டு வைத்திருப்பாய். கரண்டு பில் ஏறுகிறது என்று நான் ஒரு நாள் முணுமுணுத்திருக்கிறேன். இப்போது தெருமுனையில் நின்று மேலே பார்க்கிறேன், நம் சன்னல் இருட்டாக இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் போய் உட்கார்ந்துவிடுகிறேன். சாப்பிடப் பிடிக்காமல் தே தாரிக் மட்டும் குடித்துவிட்டு வருகிறேன். கடைக்காரர் சபாபதி, 'அண்ணே, வீட்டுல அக்கா எங்கே?' என்று கேட்டார். 'கிள்ளான்ல' என்றேன். ஏதோ வெளிநாட்டின் பெயரைச் சொல்வதுபோல இருந்தது.

இன்னொன்று. உனக்கு எல்லாம் செய்து கொடுத்தது முழுக்க உனக்காக இல்லை. உனக்குப் பார்வை மங்க ஆரம்பித்தபோது எனக்குப் பயமாக இருந்தது. கையை வேலையில் வைத்திருந்தால் பயம் தெரியாது. மீன் முள், மாத்திரை, போன் என்று உன்னைச் சுற்றியே கையை ஓட்டிக்கொண்டிருந்தேன். உன்னிடம் 'எனக்குப் பயமாக இருக்கிறது' என்று ஒரு நாளாவது சொல்லியிருக்கலாம். நீ தைரியசாலி, சமாளித்திருப்பாய்.

இப்போது ஒரு கேள்வி கேட்கிறேன். நான் பண்டமாரானுக்கு வந்து உன்னை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வரட்டுமா? பதில் எதுவாக இருந்தாலும் நீயே எழுது. நான் இங்கேதான் இருக்கிறேன்.

உன் ஹென்றி


பண்டமாரான்,
5 ஜூன் 2025

என் ஹென்றி,

இதை நானே டைப் பண்ணுகிறேன். ஒவ்வொரு எழுத்தையும் அந்தப் பெண் திருப்பிச் சொல்கிறாள், தப்பென்றால் அழிக்கிறேன். ஜோஆன் வேலைக்குப் போயிருக்கிறாள். மின்னஞ்சலில் நானே அனுப்பப் போகிறேன். ஸ்டாம்பு வேஸ்ட் இல்லை.

உங்கள் கடிதத்தைக் கேட்டேன். அந்தப் பெண்ணுக்கு உணர்ச்சி என்று ஒன்றும் கிடையாது. 'என் உர்சுலா' என்பதையும் 'கரண்டு பில்' என்பதையும் ஒரே மாதிரிதான் வாசிக்கிறாள். இருந்தாலும் முடிந்ததும் இன்னொரு தடவை கேட்டேன். நீங்கள் பயந்தீர்கள் என்பது எனக்குத் தெரியும். என் கையைப் பிடித்துப் படி இறங்கும்போது உங்கள் உள்ளங்கைதான் வியர்க்கும். சொல்வீர்கள், சொல்வீர்கள் என்று இருந்தேன்.

கேள்விக்குப் பதில். வர வேண்டாம். கூட்டிக்கொண்டு போக வர வேண்டாம். இத்தனை நாளும் நான் பதில் எழுதாதது இதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல்தான். ஜோஆன் கையெழுத்தில் என்றால் 'யோசிக்கிறேன்' என்று மழுப்பியிருப்பேன். இது என் கை, அதனால் உள்ளதைச் சொல்கிறேன். ஷார்மைன் கூப்பிட்டாள், சரி என்று சொல்லிவிட்டேன். அடுத்த மாதத்திலிருந்து சனிக்கிழமைகளில் ரயிலில் நானே பிரிக்பீல்ட்ஸ் வருகிறேன். ஸ்டேஷனில் வந்து நிற்காதீர்கள். சர்ச் வாசலிலும் வேண்டாம். போகவும் வரவும் என் காலுக்குப் பழகட்டும். ஒரு சனிக்கிழமை நானே நம் வீட்டுப் படி ஏறி வருவேன். எந்தச் சனிக்கிழமை என்று கேட்காதீர்கள். எனக்கே தெரியாது. ஆனால் அதை நினைக்காத நாள் இல்லை.

அடுத்தது உங்கள் புரோகிராம். அதில் ஒரு குறையும் இல்லை. இனிமேல் அதைத் தொட வேண்டாம்.

ஏப்ரலில் நான் அவ்வளவு கோபப்பட்டதற்கு இன்னொரு காரணம் இருந்தது. அதை ஜோஆனிடம் சொல்லி எழுத வைக்க முடியவில்லை. அன்றைக்கு 'தொடங்க எண்டரைத் தட்டு' என்று உங்கள் குரல் வந்தபோது, நான் பதில் தெரியாமல் சும்மா இருக்கவில்லை. கேட்டுக்கொண்டிருந்தேன். நீங்கள் பேசுவதற்கு முன்னால் தொண்டையைச் செருமுகிறீர்கள், பின்னால் நம் வீட்டு ஃபேன் கிறீச்சிடுகிறது, தெருவில் ரொட்டிக்காரர் ஹார்ன் அடித்துக்கொண்டு போகிறார். பதிவு செய்யும்போது நீங்கள் அதையெல்லாம் கவனித்திருக்க மாட்டீர்கள். நான் அதைக் கேட்டுக்கொண்டு நம் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். அதற்குள் நீங்களாகவே எழுந்து போய்விட்டீர்கள்.

இப்போது போவதில்லை. எண்டரைத் தட்டினால்தான் இன்ஸ்டால் முடிந்து அந்தப் பெண் வந்துவிடுகிறாள், உங்கள் வேலை தீர்ந்துவிடுகிறது. தட்டாதவரை அங்கேயே நிற்கிறீர்கள். ஸ்பேஸைத் தட்டினால் மறுபடி தொண்டையைச் செருமிக்கொண்டு முதலிலிருந்து சொல்கிறீர்கள். 'நல்லா ஓடுற சாமான எதுக்குக்கா திருப்பித் திருப்பி அழிச்சுட்டு இன்ஸ்டால் பண்றீங்க?' என்று ஜோஆன் கேட்கிறாள். சோதித்துப் பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

இந்தக் கடிதத்தை அனுப்பிவிட்டு இன்றைக்கும் அதை அழிக்கப் போகிறேன்.

உர்சுலா